சத்தம் நின்ற வண்டி

பிரேக் கத்துகிறது என்றாலே பேடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை ஐயா. இரவு முழுக்க மழையில் நின்ற வண்டி காலையில் முதல் திருப்பத்தில் கத்தும். பேடு அழுத்திப் பிடிக்கிற டிஸ்க் தட்டின் மேல் படிந்த துரு உதிர்ந்ததும் அடங்கிவிடும். தூசி புகுந்தாலும் கத்தும். பேடின் பின்புறத் தகடு தளர்ந்தாலும் கத்தும். மலிவான பேடுகள் சில, டப்பாவைப் பிரித்து மாட்டிய அன்றைக்கே கத்தும். கத்துகிறது என்று பதறி ஓடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, பிரேக்கைத் துடைத்துக் கிரீஸ் வைத்து அனுப்பிவிடுவேன். பேடு விற்பதற்காகப் பொய் சொல்கிற கடை என்று என் கடையை யாரும் சொன்னதில்லை.

ஒரு கத்தல் மட்டும் வேறு. பேடின் ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு ஓர் எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து முடியப் போகிற சமயத்தில் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அது பழுதால் வருகிற சத்தம் இல்லை. எச்சரிப்பதற்கென்றே செய்து வைத்த சத்தம். என் மச்சானின் வண்டியில் கேட்டது அதுதான்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நேற்று நீங்கள் 'தொழிலில் கவனக்குறைவு' என்றீர்கள். உங்கள் வாகன ஆய்வாளரின் வார்த்தை என்றீர்கள். பேடு தேய்ந்திருந்தது, மெக்கானிக் பார்க்காமல் விட்டுவிட்டான், மலைப்பாதையில் வண்டி நிற்காமல் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இப்படி முடித்துவிடப் போகிறீர்கள். அந்த வார்த்தையோடு என்னால் தூங்க முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். தண்ணீர் வேண்டாம், நன்றி. அந்தக் கிளாஸின் விளிம்பில் யாரோ வாய் வைத்த தடம் இருக்கிறது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். திரைச்சீலைத் துணி விற்பவர். மாதிரித் துணிகளை வண்டியில் போட்டுக்கொண்டு மலைமேல் இருக்கிற கடைகளுக்குப் போய்வருவார். கடையை ஒட்டியிருக்கிற எங்கள் வீட்டு மாடியில் இருந்தார், சாப்பாடு எங்களோடு. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடிப்பதில்லை. யாரையும் ஏமாற்றியதில்லை. தங்கை என்றால் உயிர். தெருவில் எல்லோரும் அவரைப் பார்த்தால் நின்று பேசுவார்கள். அவர்கள் யாரும் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட வேண்டியிருக்கவில்லை.

தொண்டையை மூன்று தவணையாகச் செருமுவார். முதலில் எதையோ மேலே இழுப்பார். பிறகு அதை உள்ளேயே புரட்டுவார். பிறகு விழுங்குவார். துப்பியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். வாயில் வைத்து எடுத்த கரண்டியைக் குழம்புப் பாத்திரத்தில் விட்டுக் கலக்குவார். பல்லிடுக்கில் இருந்து நகத்தால் எடுத்ததை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொள்வார். நான் தட்டைத் தள்ளி வைத்தால், "மாப்ளைக்கு என்ன, குருவி வயிறா?" என்று சிரிப்பார். சிரிக்கும்போது சோறு தெரியும்.

"ஏங்க, அண்ணனுக்கு வேற யாரு இருக்கா? சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். கண்டுக்காதீங்க" என்பாள் என் மனைவி. நான் கண்டுகொள்ளவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நான் குரலை உயர்த்தியதே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு துன்பம் உண்டு, வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பிறர் உட்கார்ந்த இடத்தில் உட்கார வேண்டும், பிறர் பிடித்த இடத்தைப் பிடிக்க வேண்டும். எத்தனையோ பேருடைய வண்டியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மச்சானின் வண்டியைப் போல ஒன்று பார்த்ததில்லை. டம்ளர் வைக்கிற குழியில் வெட்டிய நகங்கள், கால் நகமும் சேர்த்து. கதவுப் பையில் மென்று துப்பிய ஆரஞ்சுச் சக்கை, பூசணம் பிடித்து. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் விரலை வைத்தால் காய்ந்து சொரசொரப்பாக ஒன்று தட்டுப்படும். முதல் தடவை அது என்னவென்று புரியாமல் தடவிப் பார்த்தேன்.

அந்த வண்டி தெருவுக்குள் திரும்பும்போதே கீச்சென்று கத்தும். "என்ன சார், உங்க மச்சான் பூனையக் கட்டி இழுத்துட்டு வர்றாரா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது. கீச்சுச் சத்தம், கதவு சாத்துகிற சத்தம், மாடிப்படியின் அடியில் நின்று அந்தச் செருமல். இந்த வரிசை மாறியதே இல்லை.

பேடு மாற்றச் சொல்லிப் பல மாதம் கேட்டேன். "கத்துனா கத்திட்டுப் போகட்டும் மாப்ளே, முன்னாடி போறவன் தானா ஒதுங்குறான். ஹாரன் அடிக்கிற வேலை மிச்சம்" என்றார். என் மனைவி அந்த வண்டியில் ஏறுவதையே நிறுத்திவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்குப் பயம். கடைசியில் அவராகவே கடைக்கு வந்தார். மலைமேல் ஒரு கடைக்காரர் கேலி செய்துவிட்டாராம்.

"சத்தம் நிக்கணும் மாப்ளே. எனக்கு அவ்ளோதான். 'என்னண்ணே, பன்னிக்குட்டி ஏதாச்சும் சக்கரத்துல மாட்டிக்கிச்சா'ங்குறான், கடை நிறைய ஆளுங்க இருக்கும்போது."

"பேடு மாத்தணும் மச்சான். தேஞ்சு போச்சு."

"மாத்து. என்னென்ன இருக்கு, எடுத்துக் காட்டு. தங்கச்சி புருஷன்னு கண்ண மூடிட்டு வாங்க மாட்டேன்."

மூன்று டப்பாக்களை மேஜைமேல் பிரித்து வைத்தேன். யாருக்கும் அப்படித்தான் காட்டுவேன்.

"இது மெத்துன்னு இருக்கும். சத்தம் வராது, ஆனா சீக்கிரம் கரைஞ்சிடும். இது இரும்புத்தூள் கலந்தது. மலையில சூடு தாங்கும், காலைல கொஞ்சம் முனகும். இது செராமிக். சத்தமும் கம்மி, தூசியும் கம்மி. நீங்க மலை ஏறி இறங்குறவரு, ரெண்டாவதுதான் உங்களுக்கு."

"முனகும்ல? வேணாம். நீ உன் வண்டிக்கு எதப் போட்ருக்க?"

"செராமிக்."

"அதானே பாத்தேன். நல்லத உனக்கு வெச்சுக்கிட்டு எனக்கு முனகுறதத் தள்றியா?" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு செராமிக் பேடைக் கையில் எடுத்தார். செருமினார். கட்டைவிரலை நக்கி, அந்தப் பேடின் முகத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார். "வழவழன்னு இருக்கே. இது எப்படிய்யா பிடிக்கும்?"

புதுப் பேடின் முகத்தை நாங்கள் விரலால்கூடத் தொடுவதில்லை ஐயா. ஓரத்தைப் பிடித்துத்தான் மாட்டுவோம். சாம்பல் நிறப் பரப்பில் அவருடைய எச்சில் கறுப்பாக ஊறி, விரல் ரேகையோடு நின்றது. துடைத்தால் போய்விடும், பேடுக்கு ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் கையால் எடுத்து மாட்ட வேண்டும் என்று நினைத்ததும் வாயில் உப்பு நீர் ஊறியது. அவர் வெளியே போனதும் இடுக்கியால் பிடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

கோபம் எதுவும் இல்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவர் கேட்டது சத்தம் நிற்க வேண்டும் என்று. அதை மட்டும் கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

சக்கரத்தைக் கழற்றினேன். பழைய பேடுகளை எடுத்து அந்த எஃகு நாக்குகளை அறுத்தேன். அறுத்த இடத்தில் பிசிர் இருந்தது, அரத்தால் ராவி வழவழப்பாக்கினேன். பின்பக்கத்துக்குப் புதுத் தகடு வைத்தேன். பேடைப் பிடித்திருக்கும் ஊசிகளைத் துடைத்துக் கிரீஸ் பூசினேன். தேய்ந்து காகிதம் போல இருந்த அதே பேடுகளைத் திரும்ப மாட்டினேன். பிரேக் ஆயில் கறுத்திருந்தது, அதை அப்படியே விட்டேன். பேடு அவ்வளவு மெலிந்திருந்தால் சூடு தடையில்லாமல் ஆயிலுக்குப் போகும். நீண்ட இறக்கத்தில் பழைய ஆயில் கொதித்துவிடும். மிதித்தால் கால் தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது. மச்சான் மலையிறங்கும்போது கியரைக் குறைக்கவே மாட்டார், மேலிருந்து கீழ்வரை பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

உங்கள் ஆய்வாளரிடம் அந்தப் பேடின் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கவனமில்லாதவன் ராவுவானா? கவனமில்லாதவன் செத்த பேடுக்குப் புதுத் தகடு வைப்பானா? அவர் நாக்கு இல்லாததைப் பார்த்திருக்கிறார், அறுத்த இடத்தைப் பார்க்கவில்லை. யார் கவனக்குறைவானவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

கழற்றிய பழைய பேடைப் புது டப்பாவிலேயே போட்டு வண்டிக்காரர் கையில் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்தச் சந்தேகம் வரக்கூடாது. அதே ரக வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பேடுகள் மூலையில் கிடந்தன. அவற்றைச் செராமிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மச்சான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடப்பாவி, இதுலயா இத்தனை நாள் ஓட்டினேன்!"

தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தார். சத்தமே இல்லை. எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "பூனை தப்பிச்சிடுச்சா?" என்றார். மச்சான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஈரமான கை.

"மலையில இறங்குறப்ப பிடிக்குமா மாப்ளே?"

"பிடிக்கும்."

நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். மலைக்குப் போகச் சொன்னது நானில்லை. கியரைக் குறைக்காமல் ஓட்டச் சொன்னதும் நானில்லை.

செத்தது இரண்டு பேர் என்று நீங்கள் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். நான் அதைத் தவிர்க்கவில்லை.

மறுநாள் காலையில் மச்சான் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். என் மனைவி பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வெகு நாளாகப் போட்டுக்கொள்ளாத நீலப் புடவை.

"அண்ணன் கூடப் போயிட்டு சாயங்காலம் வந்துடறேங்க. மலைக்குப் போய் எத்தனை நாளாச்சு. நீங்களே பிரேக் மாத்திட்டீங்க, இனிமே எனக்கென்ன பயம்?"

"மாப்ளை கைவேலைய நம்பி உன்னை ஏத்திட்டுப் போறேன்" என்று உள்ளேயிருந்து மச்சான் கத்தினார். செருமினார்.

தலைவலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவளும் தொண்டையைச் செருமினாள். சின்னதாகத்தான், மூன்று தவணை எல்லாம் இல்லை. மேலே இழுத்து, விழுங்கினாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். கொஞ்ச நாளாகவே அவளிடம் அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன், சொன்னால் வருத்தப்படுவாள் என்று சொல்லவில்லை.

அவள் கதவைத் திறந்தாள். அந்தச் சீட்டில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சலவை செய்த புடவை. "கொஞ்சம் இரு" என்றேன். உள்ளே ஓடிப்போய் அலமாரியில் இருந்து துவைத்து மடித்த துண்டு ஒன்றை எடுத்துவந்து, நானே சீட்டில் சுருக்கமில்லாமல் விரித்து, அவளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அவள் கண்ணாடி வழியாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

அந்தத் துண்டும் வண்டியில்தான் கிடைத்திருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மனைவிமேல் அக்கறை இல்லாதவன் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லிவிடக்கூடாது.