பச்சைப் புள்ளி

மயிலாடுதுறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். தலை நரைத்தவர் கேட்டதில்தான் நிமிர்ந்தேன்.

“கம்ப்யூட்டர்ல எந்த சாட் ஆப் போட்டா, பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி அணையாம இருக்கும்?”

“யார்கூட சாட் பண்ணப் போறீங்கண்ணே?”

“நான் எங்க! பையனோட அக்கவுண்ட். அவன் கம்ப்யூட்டர்ல இன்னும் திறந்தே இருக்கு.”

பக்கத்தில் இருந்தவர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“பையன் தவறி வருஷம் ஆவப்போவுதேண்ணே.”

“பிரவுசர்ல கை பட்டு மூடிடுது. தனி ஆப்னா பின்னால ஓடிக்கிட்டே இருக்குமாம். உங்கண்ணிக்கு, போன்ல அந்தப் புள்ளியப் பாத்தாத்தான் சோறு இறங்குது.”

“அண்ணிக்குத் தெரியாமலா செய்யுறீங்க?”

“தெரியாம என்ன? நான் வயலுக்குக் கிளம்பறப்ப, ‘புள்ளைய ஆன்லைன்ல விட்டுட்டுப் போங்க’ன்னு அவதான் சொல்லுவா.”