நொடியில் பத்தில் ஒரு பங்கு

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்க வீட்டம்மா சாமானெல்லாம் நானே எடுத்து வச்சுட்டேன். நோட்டு ஒம்பது இருக்கு. ஏசி குளிருக்குப் போட்டுக்கிற ஸ்வெட்டர், மேஜைக்கு அடியில கழட்டிப் போடுற செருப்பு. செருப்பைப் பெட்டியில வைக்கிறதா வேண்டாமான்னு ரொம்ப நேரம் முழிச்சுட்டு நின்னேன். அப்புறம் வச்சுட்டேன். வேலையை விட்டப்பவே எடுத்துட்டுப் போங்கன்னேன் சார். இன்னொரு நாள் வரேன்னுட்டுப் போனவங்கதான். அஞ்சு மாசமாச்சு.

பொண்ணு எங்க, கீழ கார்லயா? சரி, சரி. பத்து வயசுப் பிள்ளை அம்மா சாமானை இப்படிப் பெட்டியில பாக்க வேண்டாம். நல்லதுதான்.

இங்க எல்லாரும் அவங்களை நொடி மேடம்னுதான் கூப்பிடுவோம், தெரியுமா? உங்ககிட்டயும் சொல்லியிருக்காங்களா! கோவம் கீவம் இல்லையே? அப்பாடா. நேரம்னு வந்துட்டா விடவே மாட்டாங்க சார். நொடியில பத்துல ஒரு பங்கு, நூறுல ஒரு பங்கு... நாங்க டீக்குப் போயிட்டு வந்தா அப்பவும் அதையே முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.

வேலை என்னன்னு வீட்ல சொல்லியிருக்காங்களா? கரண்டி வச்சா? சாப்பாட்டு மேஜையில மூணு கரண்டி. நாலாவதை உங்களைக் கையில தூக்கிப் பிடிக்கச் சொன்னாங்களாக்கும். சரியாத்தான் சொல்லியிருக்காங்க. எங்க விண்கலம் நாலும் ஒரே மட்டத்துல இருந்தா பிரயோஜனமில்லை. ஒண்ணு மேல இருந்தாகணும்.

அவ்வளவுதான் சார் விஷயமே. சூரியன்லேர்ந்து காத்து மாதிரி ஒண்ணு எப்பவும் அடிச்சுட்டே இருக்கு, நொடிக்கு நானூறு கிலோமீட்டர் வேகத்துல. அதுக்குள்ள காந்தப் புலம் இருக்கு. ஒரு பக்கமா போயிட்டிருக்கிற புலம் திடீர்னு வேற பக்கம் திரும்பிடும், நடுவுல ஒரு சுவர் நிக்கிற மாதிரி. ஒரே ஒரு விண்கலம் இருந்தா சுவர் கடந்து போச்சுங்கிறது மட்டும்தான் தெரியும். எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு, சாய்ஞ்சு வந்துச்சா நேரா வந்துச்சா, ஒண்ணும் தெரியாது. நாலு கலம் இருந்தா, எது எப்ப பாத்துச்சுன்னு வித்தியாசத்தை வச்சு மொத்தத்தையும் கண்டுபிடிச்சிடலாம். மைதானத்துல நாலு பேர் தள்ளித் தள்ளி நின்னு, என் மேல மழை இப்ப விழுந்துச்சு, என் மேல இப்பன்னு சொல்ற மாதிரி.

ஆனா எங்க கலங்களுக்கு நடுவுல நூறு கிலோமீட்டர்தான். அந்த வேகத்துக்கு அது கால் நொடி. கால் நொடிக்குள்ளதான் எங்க பொழைப்பே. அதுல ஒரு கடிகாரம் பத்துல ஒரு பங்கு பிசகினாப் போச்சு, சுவரே சாய்ஞ்சாப்ல தெரியும், புலம் அதை ஊடுருவிப் போறாப்ல காட்டும்.

தண்ணி குடிங்க சார்.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு கட்டுரை எழுதினேன். நூத்திப் பன்னெண்டு சுவர் எடுத்துப் பாத்தேன். முக்கால்வாசி சுவரை ஊடுருவிட்டுப் புலம் அந்தப் பக்கம் போகுது, அதெல்லாம் திறந்த சுவர்னு சொன்னேன். தலையில தூக்கி வச்சுட்டு ஆடினாங்க. இந்த ரூம், வெளியில பலகையில பேரு, எல்லாம் அதுல வந்ததுதான்.

போன வருஷம் ஒரு திங்கக்கிழமை, சாப்பாட்டு நேரம். நான் டப்பாவைத் திறக்கிறேன், அவங்க பதினோரு தாளோட வந்து நிக்கிறாங்க. சார், உங்க கட்டுரைக்கு முன்னாடி மூணாவது கலத்துல மென்பொருள் மாத்தினாங்களே, அன்னியிலேர்ந்து கடிகாரம் பத்துல ஒரு நொடி பின்தங்கி ஓடுது, அதைச் சரி பண்ணினா உங்க சுவரெல்லாம் மூடிக்குது சார்னாங்க. சொல்லிட்டு அவங்கதான் சங்கடப்பட்டாங்க. வேற யாரும் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாமளே திருத்தி எழுதிடலாம் சார், நானும் கூட இருக்கேன்னாங்க. நான், வச்சுட்டுப் போங்க, பாக்கறேன்னேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். இயக்குநர் நேராவே கேட்டாரு, என்னப்பா, கடிகாரம் தப்புங்கிறாங்களேன்னு. அவங்க புரோகிராம்லதான் எங்கயோ தப்பிருக்குன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவங்க என்னைப் பாத்தாங்க. சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன் சார். சரி சார், நான் மறுபடி பாக்கறேன்னு தாளையெல்லாம் அடுக்கி எடுத்துக்கிட்டாங்க.

அடுத்த மாசம் அவங்க வேலை ஒப்பந்தம் முடிஞ்சுது. நீட்டிக்கலாமான்னு ஆபீஸ்ல என்கிட்டதான் கேட்டாங்க. இப்போதைக்குத் தேவைப்படாதுன்னுட்டேன்.

அப்புறம்தான் அவங்களுக்கு ஊருக்கு அந்தக் கோடியில அந்த வேலை. காலையில ஆறரைக்கு பஸ்ஸு. மழையில அந்தப் பாலத்துலேர்ந்து பஸ்ஸு... சொல்ல வேண்டாம் சார். எனக்கும் தெரியும், டிவியில பாத்தேன். இங்க இருந்திருந்தா வீட்லேர்ந்து பத்து நிமிஷ நடை. நீங்க சொல்லலை சார், நான்தான் சொல்றேன்.

என்ன சொன்னீங்க?

பஸ்லயுமா? தினமும் பஸ்ல போறப்பவும் அந்தக் கணக்கைத்தான் பாத்துட்டுப் போனாங்களா? ஏன்... எங்க தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சா போதும்னாங்களா. உங்ககிட்ட அப்படியேவா சொன்னாங்க? என் மேல ஒரு வார்த்தை? எதுவுமே இல்லையா? சார் இவ்வளவு வருஷமாப் பாக்கறவரு, அவரு சொன்னா இருக்கும்னா சொன்னாங்க...

கொஞ்சம் இருங்க சார். ஒண்ணுமில்லை, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

இல்ல, எழுந்திரிக்காதீங்க. பெட்டியை யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம், இதுக்காக உங்களை நேர்ல வரவச்சிருக்க வேண்டாம். அதுல ஒரு தப்பும் இல்லை சார். அவங்க கணக்குல. பொண்ணு பெரிசாகிக் கேட்டா சொல்லணும்ல, அதுக்காகச் சொல்றேன். திங்கக்கிழமை கொடுத்தாங்களா, செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நான் போட்டுப் பாத்துட்டேன். அந்தப் பத்துல ஒரு நொடியைத் தள்ளி வச்சேன், நூத்திப் பன்னெண்டுல மொத்தம் தொண்ணூத்தாறு மூடின சுவர்னு வந்துச்சு. அரை மணி நேரம்கூட ஆகலை. கூட்டத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

கட்டுரை அப்படியேதான் இருக்கு. இன்னும் யார்கிட்டயும் சொல்லலை சார், உங்ககிட்டதான் முதல்ல.