ஒரு கூடை நோய் இலை

ஹலோ... அத்தை, நான்தான்... ஆமா, ஆமா, உயிரோடதான் இருக்கேன்... மாமா பக்கத்துல இருக்காரா?... இல்ல, கூப்பிடாதீங்க. மாடியில அவர் வெச்ச பூசணிக்கொடி, சாம்பல் நோய் வந்து மாவு கொட்டின மாதிரி வெளுத்துக் கிடந்துச்சே... இன்னும் இருக்கா?...

சிரிக்கல அத்தை... ஆமா, போன மாசம் சிரிச்சேன். அவரோட ஆபீஸ்காரங்க முன்னாடிதான் சிரிச்சேன்... ஆமா, செடியப் பத்திப் படிக்காதவங்க தொட்டியத் தொடக்கூடாதுன்னும் சொன்னேன்... அதுலேர்ந்து மாடிக்கே போறதில்லையா...

எனக்கு அந்த இலை வேணும்... கிண்டல் இல்ல அத்தை. எங்க காலேஜ் மேடம் வெளியூர் போயிருக்காங்க. அவங்க வளக்கற மஞ்சள் பொறிவண்டு முந்நூறு என் பொறுப்புல இருக்கு... கடிக்காது. இலையத் தின்னாது. இலை மேல பூக்கற அந்த வெள்ளைப் பூஞ்சைய மட்டும் மேயும். மருந்தே அடிக்காம நோயைக் கட்டுப்படுத்தலாம்னு ரெண்டு வருச ஆராய்ச்சி...

நேத்து பிரின்சிபால் பாக்க வரார்னாங்க. அதுங்க மேயற வெள்ளரிக்கொடி வெளுத்து அசிங்கமா இருக்கேன்னு, வண்டையெல்லாம் டப்பாவுக்கு மாத்திட்டு, ஒவ்வொரு இலையா சோப்புத் தண்ணியில தொடச்சிட்டேன்... எல்லாத்தையும்... ஆமா, அதுங்க சாப்பாட்டத்தான்... அவர் வரவும் இல்ல.

நாளைக்குள்ள தீனி இல்லன்னா செத்துடும். பத்து வீடு ஏறி இறங்கிட்டேன். உங்க செடிக்கு நோய் இருக்கான்னு கேட்டா யாரு ஆமாங்கறாங்க? இதுவரைக்கும் தும்மினதுகூட இல்லங்கறாங்க...

அத்தை, அவர்கிட்ட குடுக்காதீங்க, குடுக்கா... மாமா... ம்... எல்லாத்தையும் கேட்டுட்டிருந்தீங்களா... மாமா, அன்னிக்கு நான் பேசினது... இல்ல, அத முதல்ல சொல்லிடறேன்... எவ்வளவா? ஒரு கூடை போதும்... ஆமா, ஆமா, பேப்பர்ல சுத்தி, பவுடர் உதிராம... நானே வந்து பறிக்கறேன் மாமா, உங்க முட்டிக்குப் படி ஆகாது... ஏறிட்டீங்களா...

மாமா, ஒரு வார்த்தை திட்டிடுங்க. எனக்குக் கொஞ்சம் சுலபமா இருக்கும்... நல்லா வெளுத்த இலையா... ஆமா, அதுதான்... இப்படி மரியாதையா கேக்காதீங்க மாமா...

என்னது?... ரெண்டு பிஞ்சா?... அந்தக் கொடியிலயா?... அப்ப வெட்டாதீங்க, இலை போனா பிஞ்சு வெம்பிடும். வண்டை நான் அங்க கொண்டு வரேன், அதுங்க மேஞ்சா உங்க கொடியும் தேறிடும்... மாமா? போனை எங்க வெச்சீங்க?... மாமா, அது கத்திரிச் சத்தமா?... மாமா, வெட்டாதீங்க... மாமா...

ஹலோ...