எழில்மதியின் பனிக்குட நீர்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கள்ளக்குறிச்சி மருத்துவ நண்பர்களே, வெள்ளிமலையிலிருந்து பஸ் மாறி இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம். நான் சுப்புராயன், நைனார்பாளையம் மக்காச்சோள வியாபாரி. மறைந்த ஆராய்ச்சி மருத்துவர் எழில்மதிக்குத் தாய்மாமன். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் அவள் ஆராய்ச்சியை என்னைப் போல் விளக்க டெல்லியிலும் ஆள் கிடையாது.

வயிற்றுப் பிள்ளை நீந்துவது பனிக்குட நீரில். கொசு கடித்துத் தாய்க்கு வைரஸ் காய்ச்சல் வந்தால் அந்த நீரின் புரதங்கள் மாறுகின்றன. சில ஏறும், சில இறங்கும். எது ஏறினால் பிள்ளைக்கு ஆபத்து? அதைத்தான் தேடினாள்.

கல்வராயன் மலை வளைவுகளில் அவளை ஏற்றிப்போனது என் ஜீப். கரடியே ஒதுங்கி வழிவிடும். போகிற ஊரிலெல்லாம் “நானும் பாதி டாக்டர்” என்பேன். “மாமா, நீ வாய மூடிக்கினு வண்டிய ஓட்டு. மீதி டாக்டர நான் பாத்துக்கறேன்” என்பாள்.

இதோ, முன்வரிசையில் இருசம்மாள். காய்ச்சலில் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது என்று தெரிந்த நாளில் எழில்மதியிடம் கேட்டார்: “புள்ளயே போச்சி. அது கெடந்த தண்ணி உனக்கு இன்னாத்துக்கும்மா?”

“அடுத்தவங்க புள்ள போவாம இருக்கத்தான்க்கா.”

இருசம்மாள் கொடுத்தார்.

அதே காய்ச்சல் ஏழு மாதக் கர்ப்பிணியான எழில்மதிக்கும் வந்தது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்தாள். “மாமா, என் தண்ணியயும் எடுத்து வெக்கச் சொல்லிட்டேன். அம்மா வாணாம்னு சொல்லும். நீ வுட்டுடாத.”

பிள்ளையும் போனது. அவளும் போனாள். அத்தனை படிப்பும் ஒரு கொசுவிடம் தோற்றதே, யாரைப் போய்க் கேட்பேன்? மிச்சம் இருப்பது ஆராய்ச்சிக்கூட ஐஸ் பெட்டியில், சின்னக் குழாயில் உறைந்த நீர்.

அவள் தாய், என் அக்கா பச்சையம்மாள், இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. “அது மட்டும் எதுக்கு அனாதையா ஐஸ்ல கெடக்கணும்? வாங்கியாந்து அவளாண்டயே பொதைச்சிடு” என்று காலையில் என்னை அனுப்பிவிட்டு, சோறில்லாமல் காத்திருக்கிறாள்.

சபையோரே, அவளுக்குச் சொல்ல ஆறுதல் என்னிடம் இல்லை. வாய் நிறையப் பேசுகிறவன், நானே சொல்கிறேன், இல்லை. ஆராய்ச்சியை மருத்துவர்கள் தொடரட்டும். மலைக்குப் போக என் ஜீப் இருக்கிறது. எழில்மதியின் குழாய் இருசம்மாளின் குழாய் பக்கத்திலேயே இருக்கட்டும். இன்று வெறுங்கையோடுதான் அக்கா வீட்டுக்குப் போவேன். கதவைச் சாத்தினாலும் வாசலில்தான் கிடப்பேன்.