நித்திரையில் தெரிந்த கெட்டித்தனம்

துறைமுகத்தடிப் பஸ் தரிப்பில் எனக்கு முன்னால் இரண்டு அம்மாமார் நின்றார்கள். குடை பிடித்திருந்தவர் சொன்னதைக் கேட்டதும் என் காது அங்கேயே நின்றுவிட்டது.

“வகுப்பில நித்திரை கொண்டதாலதான் அக்கா, என்ர மகளுக்கு இப்ப மேல்வகுப்புக் கணக்குக் குடுக்கினம். ரீச்சர் எழுப்பிக் கேட்க, உடன விடை சொன்னவளாம். பாடம் அவளுக்கு லேசாப் போனதாலதான் நித்திரை வந்திருக்கு. இப்ப முழிச்சிருக்கிறாள்.”

மீன்பை வைத்திருந்தவர் பெருமூச்சு விட்டார். “என்ர மகனும் வகுப்பில நித்திரைதான். அவனையும் எழுப்பிக் கேட்டவை.”

“என்ன சொன்னவன்?”

“கண்ணைத் திறக்காமலே, மணியடிக்க இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு எண்டவனாம்.”

“சரியோ?”

“சரியாத்தான் இருந்ததாம்.”

குடைக்கார அம்மா சிரிக்கவில்லை. “அப்ப அதுவும் கணக்குத்தானே அக்கா. ரீச்சரிட்டச் சொல்லிப் பாருங்கோ.”