ஊற்றில் வைத்த வாய்

உச்சி வேளை. அடையாற்றுப் பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போகிற மணல் பாதை... இரண்டு பக்கமும் சவுக்கு. ஆள் அரவமே கிடையாது.

பகலிலா என்று சிரிக்காதீர்கள். விளக்கைத் தணித்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதி முனியம்மாளின் அத்தை தேசம்மாவுக்கு நடந்தது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துப் பங்களா பங்களாவாகக் கட்டிக்கொண்டிருந்த காலம்.

பாதை முடிகிற இடத்தில் ஒரு மீனவர் குப்பம். குடிக்க ஒரே ஓர் ஊற்று, அலையிலிருந்து கூப்பிடு தூரம். முழங்கை ஆழம் மணலைத் தோண்டினால் தித்திப்பாகச் சுரக்கும். அதற்கும் கீழே போனால் உப்பு. ஆகையால் குடத்தை முக்கமாட்டார்கள். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டுதான் நிரப்புவார்கள். எச்சில் வாய் படக்கூடாது. உச்சி வேளையில் கிட்டவே போகக்கூடாது. அது உள்ளே இருக்கிறவள் குடிக்கிற நேரம்.

கங்காதரன் வந்தது அந்த நேரத்தில்தான். பெண்களெல்லாம் கூடையோடு மயிலாப்பூர்த் தெருக்களுக்கு மீன் விற்கப் போயிருப்பார்கள் அல்லவா? ஏரி போனதும் மாம்பலத்தில் கிணறுகளும் இறங்கிவிட்டன. பங்களாக்காரர்களுக்குப் பீப்பாய் வண்டியில் தண்ணீர் விற்கிறவன் இவன். ஊற்றுக்குள் இரும்புக் குழாயை ஆழமாக இறக்கி, மேலே ஒரு பம்பையும் எண்ணெய் எஞ்சினையும் வைத்துவிட்டான். டுப்... டுப்... டுப்... மணலெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம்.

கொஞ்ச நாளில் கஞ்சி கரித்தது. அப்போது தேசம்மாவின் மகள் முத்தம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். ஒரு நாள் மீன் விற்கப் போகாமல் தேசம்மா நேரே போய்க் கேட்டாள்.

“இன்னா நைனா, ஊத்து உப்பா பூட்ச்சு. எம் பொண்ணு பச்ச ஒடம்புக்காரி. வாயில வச்சா வாந்தி எடுக்குது. கொயாவ எடுத்துடு.”

“கடலாண்ட குந்திகினு உப்பு கரிக்குதுன்றியே, உனக்கே சிரிப்பா இல்ல?”

“உள்ள கீறவ உட மாட்டா.”

“அவளுக்கும் ஒரு பீப்பா அனுப்பறேன். இன்னா வெலைக்கு எடுப்பான்னு கேட்டுகினு வா.”

சொல்லிவிட்டுக் காறி, கோழையை ஊற்றோரத்திலேயே துப்பினான். எஞ்சினை ஓட்டுவதற்கு முன் குழாயில் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். பம்பின் தலையில் ஒரு சின்னத் திறப்பு. அதில் வாயை வைத்து உறிஞ்சுவான். தண்ணீர் ஏறி வரும்போது கொப்பளித்து, அதையும் ஊற்றிலேயே உமிழ்வான். ஊரே குடிக்கிற தண்ணீர்...

மறுநாள் கூடை சீக்கிரம் காலியாகிவிட்டது. தேசம்மா அந்தச் சவுக்குப் பாதையில் தனியாகத் திரும்புகிறாள். எஞ்சின் சத்தம் இல்லை. காற்றும் இல்லை. அழுகின நத்தை மாதிரி ஒரு வாடை மட்டும்.

கங்காதரன் தனியாகக் குனிந்திருந்தான். வண்டிகள் இன்னும் வரவில்லை.

“நைனா, கால்ல வேணா வியறேன்...”

அவன் திரும்பவில்லை. பம்பில் வாயை வைத்து ஓர் இழுப்பு இழுத்தான்.

க்ளக்.

இன்னொரு இழுப்பு.

அப்புறம்... அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தது.

கன்னம் இரண்டும் உள்ளே போயின. இரண்டு கையாலும் பம்பைத் தள்ளுகிறான், வாய் வரவில்லை. நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சுவார்களே, அந்தச் சத்தம். மண்ணுக்குள்ளிருந்து. நிதானமாக, ருசி பார்த்து, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு...

தேசம்மா ஓடிப் போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். கையில் பட்டது கருவாடு.

வண்டிக்காரர்கள் வந்து பார்த்தபோது மணலில் கிடந்தான். ஒருவனே ஒரு கையால் தூக்கி வண்டியில் போட்டான். அவ்வளவுதான் கனம்.

குப்பத்து ஆண்கள் சேர்ந்து குழாயைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் தேசம்மா போய்ப் பார்த்தாள். ஊற்று விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு துளிகூட இல்லை.

ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. கொட்டாங்குச்சியைத் தூக்கினால் கூடவே நூல் நூலாக எழும்பியது. தூங்கி எழுந்த வாயின் வாடை.

கொட்டிவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தாள்.

குடிசையிலிருந்து முத்தம்மா கூப்பிட்டாள். “ம்மா... தாகமா கீது.”

அக்கம் பக்கத்தில் வேறு தண்ணீர் ஏது? தேசம்மா முந்தானையை மடித்து வடிகட்டினாள். வழவழவென்று துணியில் ஒட்டினதை மணலில் தேய்த்தாள். மறுபடி வடிகட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு மகள் வாயில் ஊற்றினாள்.

முத்தம்மா கண்ணை மூடிக் குடித்தாள். உதட்டை நக்கிக்கொண்டாள்.

“இம்மாந் தித்திப்பு ஏதும்மா... இன்னும் கொஞ்சம் எட்த்தா. புள்ளைக்கும் ஒரு சொட்டு.”

தேசம்மா எழுந்து போய் மொண்டுகொண்டு வந்தாள்.