அஞ்சாவது மஞ்சக் கார்டு

இல்ல தம்பி, அப்பா இல்ல. எங்க அப்பா போயிச் சேந்து பல வருஷமாச்சு. நான் பாக்க வர்றது என்னோட பழைய கோச்சை. இந்த முதியோர் இல்லத்து மாடில, ஜன்னலோரக் கட்டில். பேரு ஃபெர்மின். நாங்க யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. கோச்சுன்னா எங்களுக்கு மிஸ்டர்தான். இன்னிக்கும் வாயில அதுதான் வருது, என்ன பண்றது.

பாசமா? அட நீங்க வேற. நர்ஸுங்களும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காங்க. பெத்த பொண்ணு அலிகாந்தேல கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, இந்த மனுஷன் வியாழக்கிழமை தவறாம வர்றாரேன்னு ஒரே புகழ்ச்சி. எனக்கு அந்த ஆளு வாயிலேர்ந்து ஒரே ஒரு வார்த்தை வரணும். அது நாலு பேரு காதுல விழணும். அதுக்குத்தான் வர்றேன்.

உக்காருங்க, பஸ்ஸு இப்பல்லாம் வராது. அந்த டிரைவரு பாலத்துக்கிட்ட வண்டிய நிறுத்திட்டுக் காப்பி குடிச்சாத்தான் எடுப்பான்.

நீங்க பாக்க வந்த ஒங்க மாமனாரு இந்த ஊருக்காரர்தானே? அடுத்த வாட்டி வரும்போது எலோய்னு என் பேர மட்டும் சொல்லிப் பாருங்க. படுத்துக் கெடந்தாலும் எந்திரிச்சு உக்காந்து கை தட்டுவாரு. இந்த ஊர்ல என்னைப் பாத்தா கை தட்டுறது வழக்கமாயிடுச்சு. பாராட்டுன்னு நெனச்சுக்காதீங்க.

ஃபுட்பால்ல நான் மிட்ஃபீல்டர், நடுவுல நின்னு ஆடறவன். சின்ன வயசுலேயே கிளப்புல சேத்து விட்டாங்க, வேற எதுவும் கத்துக்கல. பந்த வச்சு வித்தை காட்டுற ஆளும் இல்ல. எதிராளி ஓடி வந்தா மறிக்கணும், முடியலன்னா சட்டையப் புடிச்சு இழுத்தாவது நிறுத்தணும். கோல் போட்டவன் போட்டோ பேப்பர்ல வரும். நமக்கு மஞ்சக் கார்டுதான் வரும், சம்பளம் மாதிரி மாசாமாசம்.

எங்க லீக்ல அஞ்சு மஞ்சக் கார்டு சேந்தா ஒரு மேட்ச் வெளிய உக்காரணும். அதனால நாலு சேந்ததும் எல்லா டீமும் ஒரு வேலை பண்ணும். அடுத்தாப்ல சப்பையா ஒரு மேட்ச் வருதான்னு பாத்து, வேணும்னே அஞ்சாவதையும் வாங்கிக்கறது. சப்ப மேட்ச்சுக்கு வீட்ல உக்காந்துட்டு, பெரிய மேட்ச்சுக்குச் சுத்தமா வந்து நிக்கலாம் பாருங்க. ரெஃப்ரிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனா வேணும்னேதான் வாங்கினேன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா தொலைஞ்சோம். ஃபெடரேஷன்காரன் சொன்னவனுக்கும் தடை போடுவான், செய்யச் சொன்ன கோச்சுக்கும் சேத்துப் போடுவான். அதனால எவனும் சொல்ல மாட்டான்.

அந்த வருஷம் நாங்க செகண்ட் டிவிஷன்ல மேல ஏறி நிக்கறோம். மூணு மேட்ச் பாக்கி. ஒழுங்கா முடிச்சா ஃபர்ஸ்ட் டிவிஷன். இந்த ஊரு அதுவரைக்கும் ஃபர்ஸ்ட் டிவிஷன டீவிலதான் பாத்திருக்கு. ஆத்தங்கரைல இருக்கற எல்லா பால்கனிலயும் எங்க கொடி. மீன்கடைக்காரி எங்கம்மாகிட்டக் காசு வாங்க மாட்டா, ஒம் புள்ள நம்மள மேல ஏத்திவிடப் போறான்னு.

அந்த மூணுல மொத மேட்ச், என் கணக்குல அப்ப நாலு மஞ்சக் கார்டு. இடைவேளைல மிஸ்டரு என்னை மட்டும் ஷவர் பக்கம் கூட்டிட்டுப் போனாரு. எலோய், இன்னிக்கே அஞ்சாவத வாங்கிடு, கடைசி மேட்ச்சுக்கு நீ இல்லாம ஆகாதுன்னாரு. பந்த எட்டி ஒத, நேரத்த இழு. இந்த ரெஃப்ரி கார்டு எடுக்கவே யோசிக்கற ஆளு. அப்பவும் குடுக்கலன்னா அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு கை தட்டு, கண்டிப்பா குடுப்பான். இதான் அவரு சொன்னது, அப்படியே சொல்றேன்.

பந்த ஒதச்சேன், கண்டுக்கல. த்ரோ போடறதுக்கு ஆமை மாதிரி நடந்தேன், கண்டுக்கல. சரின்னு போயி கை தட்டினேன். மஞ்சக் கார்டு ரெஃப்ரிங்க நெஞ்சுப் பாக்கெட்ல இருக்கும் தம்பி, செவப்பு பின்பாக்கெட்ல. அந்த ஆளு கை பின்னாடி போச்சு, செவப்பக் காட்டி வெளிய அனுப்பிட்டாரு. கேலி பண்ணி அவமானப்படுத்தினான்னு எழுதிக் குடுத்துட்டாரு. ரெண்டு மேட்ச் தடை. மிச்சம் இருந்ததே ரெண்டுதான்.

கடைசி மேட்ச்ல எனக்குப் பதிலா ஹூலென்னு ஒரு பொடிப்பய எறங்கினான். நல்லா ஆடினான், இல்லங்கல. தூரத்துலேர்ந்து ஒரு கோல் போட்டான் பாருங்க, நானே எந்திரிச்சு நின்னுட்டேன். ஆனா மறிக்கறதுக்கு ஆள் இல்ல. நடுவுல தெறந்த வீடு மாதிரி கெடந்துச்சு, அவனுங்க ரெண்டு போட்டுட்டுப் போயிட்டானுங்க, ஃபர்ஸ்ட் டிவிஷனும் கைய விட்டுப் போச்சு. ஹூலென அடுத்த மாசமே இங்கிலாந்துக்கு வித்தாங்க. எங்க டீமு அதுக்கப்பறம் கீழதான் போச்சு.

அன்னிக்கு மிஸ்டரு பேப்பர்காரங்ககிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? எலோய்க்குத் தலைக்கனம் ஏறிடுச்சு, ஊரையே கவுத்துட்டான்னு. அப்பறம் தனியா என் தோள்ல கையப் போட்டு, கோடை லீவு முடியட்டும்டா, நானே எல்லார்கிட்டயும் சொல்றேன், அதுவரைக்கும் பொத்திக்கிட்டு இருன்னாரு. இருந்தேன். லீவு முடியறதுக்குள்ள அவரு தெற்க பெரிய கிளப்புக்குப் போயிட்டாரு. என்னை வேண்டாம்னுட்டாங்க. மூணாவது டிவிஷன், நாலாவது டிவிஷன், சேத்துக்காட்டு கிரவுண்டுன்னு சுத்தினேன். முட்டி போச்சு. இப்ப குடைமிளகாய் டப்பா அடைக்கற ஃபேக்டரில ஷிஃப்ட்டு.

சொல்லாம என்ன? ஒரு நாள் பார்ல ஒடச்சுச் சொல்லிட்டேன், மிஸ்டர்தான்டா கை தட்டச் சொன்னாருன்னு. எவனும் நம்பல. அப்பறம் ஒருத்தன் தட்டினான் பாருங்க, பாரே தட்டுச்சு.

எங்கம்மா செத்தப்போ சர்ச்லேர்ந்து பெட்டியத் தோள்ல தூக்கிட்டு வெளிய வர்றேன். நம்ம பக்கம் பெட்டி வெளிய வந்தா மரியாதைக்குக் கை தட்டுவாங்கல்ல? தட்டினாங்க. எங்கம்மாவுக்குத்தான் தட்டினாங்க, நல்ல மனுஷி, எல்லாருக்கும் புடிக்கும். ஆனா எனக்கு ஒடம்பெல்லாம் கூசிடுச்சு. தலையத் தூக்காமயே கல்லறை வரைக்கும் நடந்தேன். அன்னிக்கு எங்கம்மாவுக்காக அழக்கூட வுடல பாருங்க. அந்தாள நான் எப்படி மன்னிப்பேன் சொல்லுங்க.

அதான், ஞாபகம் தப்பிப் போயி இங்க கொண்டாந்து போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டதும் வர ஆரம்பிச்சேன். கோவம்லாம் காட்டல. ஷேவ் பண்ணி விடுவேன், நகம் வெட்டுவேன், நடுநடுவுல அந்த மேட்ச்ச எடுத்து விடுவேன். மிஸ்டர், அன்னிக்கு எலோய்கிட்ட என்ன சொன்னீங்கன்னு. ஒரு தடவ பேப்பர்காரன் ஒருத்தனையே கெஞ்சிக் கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வச்சேன். கெழவன் சாயங்காலம் வரைக்கும் ஜன்னல்ல இருக்கற புறாவப் பத்திப் பேசினாரு. அவன் என்னைப் பைத்தியக்காரனப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போயிட்டான்.

சொன்னாரு. சொல்லாம என்ன. இன்னிக்குத்தான், இப்பத்தான், தயிர் ஊட்டிக்கிட்டிருக்கேன், ரூம்ல வேற யாரும் இல்ல. என்னைக் கிளப் பிரசிடென்ட்னு நெனச்சுட்டாரு. அந்த பிரசிடென்ட் எப்பவோ செத்தே போயிட்டாரு. என் கையப் புடிச்சுக்கிட்டு மெதுவா சொல்றாரு. கவலப்படாதீங்க பிரசிடென்ட், இங்கிலாந்துக்காரங்க தாராளமா வந்து வெல பேசட்டும், கடைசி மேட்ச்ல ஹூலென் ஆடறத அவங்க பாப்பாங்க. எலோய வெளிய உக்கார வைக்கறதுக்கு வழி பண்ணிட்டேன். அந்த ரெஃப்ரிக்குக் கை தட்டினா ஆகவே ஆகாது, போன வருஷம் ஒருத்தனுக்கு நேரா செவப்பே காட்டினவன். எலோய் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டான், வெளியவும் சொல்ல மாட்டான். நல்ல பையன், அதான் அவனப் புடிச்சேன்னு.

நான் இத்தன வருஷமா மிஸ்டர் கணக்கத் தப்பாப் போட்டுட்டாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. ஒரு தப்பும் நடக்கல. அவரு நெனச்ச மாதிரியேதான் எல்லாம் நடந்திருக்கு.

என்ன பண்ண? சரி மிஸ்டர்னேன். வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருந்தாரு, மிச்சத் தயிரையும் ஊட்டிட்டுத்தான் வந்தேன்.